வேலிக்கு எந்தப் பக்கம்?

எங்கள் தீவில் பருவகாலங்கள் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்டு முழுதும் ஒரே புழுக்கம், நடுநடுவே மழை, அவ்வளவுதான். 2008க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைக் கொஞ்சம் திருத்தித்தான் சொல்லவேண்டும். ஆகஸ்ட்டில் தேசிய தினக் கொடிகளை இறக்கி மடித்துவைத்த சூட்டோடு மரினா பேயைச் சுற்றி லாரி லாரியாகக் கான்கிரீட் தடுப்புகள் வந்து இறங்கும், தடுப்புகளின் மேல் கம்பிவலை ஏறும், வலைக்குப் பின்னால் விளக்குகள் எழும், நேற்றுவரை நாம் பேருந்துக்கு நின்ற இடத்தில் பார்வையாளர் மேடை முளைத்திருக்கும். அதுதான் எங்கள் வேலிக்காலம். அந்த நாட்களில் இந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் "வியாபாரம் எப்படி?" என்று கேட்பதில்லை. "நீங்க வேலிக்கு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்கிறார்கள்.

என் நண்பர் ஒருவர் உள்பக்கம். பாய் என்றுதான் இத்தனை வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் தலை நரைத்த பிறகும் அவருக்கு நான் தம்பிதான். அவருடைய தகப்பனார் பழைய சேஞ்ச் ஆலியில், கப்பலிலிருந்து இறங்கிய மாலுமிகள் தோளோடு தோள் உரசி நடந்த அந்தக் குறுகிய சந்தில், பணம் மாற்றிக்கொண்டிருந்தவர். 1989இல் சந்து மூடப்பட்டபோது பாய் குளிரூட்டிய அங்காடி ஒன்றுக்குக் குடிபெயர்ந்தார். அந்த அங்காடி ஒருநாள் ஃபார்முலா ஒன் பாதைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது? உலகத்துச் செல்வந்தர்களெல்லாம் அவரவர் ஊர்ப் பணத்தோடு அவருடைய கல்லாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் வந்து இறங்குகிறார்கள், மூன்று இரவு தங்குகிறார்கள், போகிறார்கள். பாய் அந்த மூன்று நாளும் ஈ ஓட்டுகிறார். கேட்டால், "ரோடு மூடியிருக்கு தம்பி" என்பார், பெருமூச்சுக்கூட விடாமல்.

இதே சொற்களைச் சிறுவயதில் என் மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் "ரோடு மூடியிருக்கு" என்று சொல்லும்போது முகத்தில் கல்யாணக் களை இருக்கும்.

இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. கார்ப் பந்தயம் இந்தத் தீவுக்கு 2008இல் விமானத்தில் வந்திறங்கியது என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையிலும், அதிலிருந்து பிரிந்து காட்டுக்குள் வளைந்து திரும்பவும் வந்து சேரும் பழைய அப்பர் தாம்சன் சாலையிலுமாக, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டிப் பந்தயம் நடந்தது. முதலில் 'ஓரியண்ட் இயர்' என்று அதற்குப் பெயர், அப்புறம் மலேசிய கிராண்ட் பிரீ, நாடு தனியான மறுவருடம் 1966 முதல் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ. சாலை அதேதான், அரசியல் மாறமாறப் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவுக்குப் 'பிசாசு வளைவு' என்றும், நெளிந்து நெளிந்து போகும் பகுதிக்குப் 'பாம்புகள்' என்றும் பந்தயக்காரர்கள் பெயர் சூட்டியிருந்தார்கள். இரவு நேரத்தில் அந்த வழியாகச் சைக்கிளில் வந்து பழகிய கம்பத்து ஜனங்களுக்கு இரண்டுமே அங்கே உண்டென்று பெயர் வைப்பதற்கு முன்பே தெரியும்.

மாமாவின் கடை சாலையோரத்தில் ஒரு தகரக் கூரையின் கீழ் இருந்தது. தேத்தண்ணீர், சரபத்து, கிரீன் ஸ்பாட், வெற்றிலை, உதிரியாகச் சிகரெட், கூம்பாகச் சுருட்டிய பழைய நோட்டுத்தாளில் கச்சாங் பூத்தே. ஆண்டின் மற்ற நாட்களில் அந்தக் கடையில் மாமாவும் அவருடைய ரேடியோவும்தான் இருப்பார்கள். பந்தய நாள் வந்துவிட்டால் அவர் வேறு ஆளாகிவிடுவார். சாலையை மூடினால் வந்தவன் திரும்பிப் போகமுடியாது, போகமுடியாதவனுக்குத் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தவன் விலை பேசமாட்டான். அவருடைய பொருளாதாரம் முழுதும் இவ்வளவுதான், பிற்காலத்தில் நான் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்த பொருளாதாரம் இதைத் தாண்டி அதிகமாக எதையும் சேர்த்ததாகத் தெரியவில்லை. விடியுமுன்னே, தடுப்புக் கயிறு கட்டுவதற்கு முன்னே, ஐஸ் பாளங்கள் வந்து சேர்ந்துவிட வேண்டும். மரத்தூளில் புதைத்துச் சாக்குப்போட்டு மூடிவைப்போம். எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு நின்று பார்க்க ஆளுக்கு 20 காசு. பலகையில் நிற்பவன் கையில் ஒரு குவளை சரபத்து இருந்தால் 10 காசு. பக்கத்து ஹைனான் கம்பத்துச் சீனக் கிழவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் ரம்புத்தான் மரத்தின் கிளைகளை வாடகைக்கு விட்டார், தாழ்ந்த கிளைக்கு ஒரு விலை, உயர்ந்த கிளைக்கு ஒரு விலை. பழக்காலம் வேறு, பந்தயக்காலம் வேறு என்பதால் மரம் வருடத்தில் இரண்டு முறை காய்த்தது.

டிக்கெட் வாங்கியவர்களுக்கு மேடை உண்டு. வாங்காதவர்களுக்குக் காடு முழுக்க உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு கயிறும், அந்தக் கயிற்றை யாரும் தாண்டிவிடக் கூடாதே என்ற ஒரு போலீஸ்காரரின் கவலையும். எல்லாரும் தாண்டினார்கள். கோழி தாண்டியது, கம்பத்து நாய்கள் தாண்டின, பாட்டிமார்கள் கூடையோடு தாண்டினார்கள்.

சத்தத்தைவிட எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது வாசனை. அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களில், குறிப்பாக மோட்டார் சைக்கிள்களில், ஆமணக்கு எண்ணெயில் செய்த மசகு எண்ணெய் ஊற்றுவார்கள். அது எரிந்து காற்றில் பரவும்போது வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து ரசிப்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கோ அதை முகர்ந்ததுமே வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அது பள்ளி விடுமுறையில் பாட்டி எங்களை வரிசையில் உட்காரவைத்து, மூக்கைப் பிடித்து, வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய். ஆனாலும் 1970இல் கிரேம் லாரன்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் சிவப்பு ஃபெராரியில் மாமாவின் கடையைக் கடந்த கணத்தில், எனக்கு அப்போது 12 வயது, நான் என் வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டேன். அவர் 1969, 1970, 1971 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றார். மூன்று வருடமும் நான் மாமாவின் சைக்கிளில், பின்னால் ஐஸ் கட்டியைக் கட்டிக்கொண்டு, வாயால் ஃபெராரி ஓட்டியபடி பிசாசு வளைவில் சாய்ந்து திரும்பினேன். ஃபெராரி ஓட்ட ஒரு நாடும் ஒரு தொழிற்சாலையும் பணமும் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் எச்சில் தெறிக்காமல் கியர் மாற்றுவது எப்படி என்பதுதான், அதில் எங்கள் கம்பத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

1973 பந்தயத்தோடு அது நின்றது. உயிர்கள் போய்க்கொண்டிருந்தன, சாலை மூடப்படுவதால் மக்களுக்குத் தொந்தரவு, எண்ணெய் நெருக்கடி வேறு சேர்ந்துகொண்டது; நிறுத்தியது சரிதான் என்று இன்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானும் சொல்வேன். மாமா மட்டும் சொல்லவில்லை. சில வருடத்தில் அவரையும் தகரக் கூரையிலிருந்து எழுப்பி, எண் போட்ட, ஓடு பதித்த, குழாயில் தண்ணீர் வரும் உணவு நிலையக் கடை ஒன்றில் உட்காரவைத்தார்கள். முன்பு வாளியில் தண்ணீர் சுமந்தவர் குழாயைத் திறந்து திறந்து பார்த்து மகிழ்ந்தார். பிறகு, "தண்ணி வருது, ஆளு வரலியே" என்றார்.

இப்போதைய பந்தயப் பாதையைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்றும் சொல்லவேண்டும். இன்று கார்கள் எஸ்பிளனேட் பக்கம் பறக்கிற இடத்துக்கு அருகிலேதான் 1995 வரை சத்தே கிளப் இருந்தது. கடற்காற்று, கரிப்புகை, தாழ்ந்த முக்காலிகள், விசிறிக்கொண்டே இருக்கும் மலாய்க்காரர்கள். எத்தனை என்று சொல்லி வாங்கும் வழக்கம் கிடையாது, கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் தின்றுகொண்டே இருப்பீர்கள், கடைசியில் குச்சிகளை எண்ணிக் காசு வாங்குவார்கள். இளைஞனாக இருந்தபோது பாய் ஒருமுறை இரண்டு குச்சிகளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். இரவெல்லாம் தூக்கம் வராமல் மறுநாள் அந்தக் காசைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டார். கலை அரங்கம் கட்ட இடம் தேவைப்பட்டுச் சத்தே கிளப் போனது. வந்த அரங்கம் அழகானதுதான், டுரியான் பழம் என்று நாங்கள் கேலி செய்தாலும் அங்கே நல்ல கச்சேரிகள் கேட்டிருக்கிறேன். கச்சேரி முடிந்து வெளியே வந்தால்தான் பசிக்கிறது.

2008 செப்டம்பர் 28. ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே முதல் இரவுப் பந்தயம். சாலையோரம் ஏறக்குறைய 1,500 விளக்குகள் போட்டு இரவைப் பகலாக்கியிருந்தார்கள். பாதையை ஒட்டிய ஹோட்டல்களின் அறை வருமானத்தில் 30 விழுக்காடும், மற்ற ஹோட்டல்களில் 20 விழுக்காடும் சிறப்புத் தீர்வை என்று அரசாங்கம் அறிவித்தபோதே எங்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது, கொட்டப்போகிறது என்று. கொட்டாத இடத்தில் அரசாங்கம் பாத்திரம் வைக்காது. பாய் யூரோ, பவுண்டு, திர்ஹம் எல்லாம் வாங்கி அடுக்கினார். மருமகனை விடுப்பு எடுக்கவைத்துக் கடையில் உட்காரவைத்தார். புதிதாக மின்பலகை மாட்டினார். செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. அதற்கும் தனக்கும் என்ன தொடர்பு என்று அவர் முதலில் யோசிக்கவே இல்லை. அப்புறம் பலகையில் விலைகள் ஏறி ஏறி இறங்க, பந்தயத்துக்கு முன்பே ஒரு பந்தயம் ஆரம்பித்துவிட்டது அவருக்கு விளங்கியது.

பந்தய நாட்களில் என்ன ஆயிற்று என்றால், வேலி தன் வேலையைச் செய்தது. உள்ளே வருகிறவர்கள் டிக்கெட்டைக் காட்டி மேடைக்குப் போனார்கள், மேடையிலிருந்து வரிசைக்குப் போனார்கள், வரிசையில் நின்று வேலிக்குள்ளேயே போட்டிருந்த கடையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். அங்காடி திறந்துதான் இருந்தது. ஆனால் மாதக் கடைசியில் ஊருக்கு ரூபாய் அனுப்ப வரும் கணினிக்காரத் தம்பிகள், பேரனுக்குச் சப்பாத்து வாங்க வரும் ஆச்சிகள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடி வழியே வேடிக்கை பார்க்க வரும் அலுவலகக் கூட்டம், இவர்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. சாலை மூடியிருக்கிறதே. மாமாவின் காலத்தில் மூடிய சாலை ஆட்களை அவர் கடையில் பூட்டிவைத்தது. பாயின் காலத்தில் அதே சாலை ஆட்களை வெளியே பூட்டிவிட்டது. பழைய பந்தயத்தால் தீவுக்கு எவ்வளவு வந்தது என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை, மாமாவுக்கு வந்தது. புதிய பந்தயத்தால் தீவுக்கு வருவதைப் புள்ளிவிவரமாகவே தருகிறார்கள், அந்தப் புள்ளிகளில் ஒன்றுகூடப் பாய் இல்லை.

அன்றிரவு அலோன்சோ வென்றார். அவருக்கு வழிவிட அதே குழுவைச் சேர்ந்த இளைய பிக்கே வேண்டுமென்றே 17ஆம் வளைவில் சுவரில் மோதினார் என்பது மறுவருடம் வெளியானபோது, பாய் மட்டும்தான் அதிர்ச்சி அடையாதவர். "நஷ்டப்பட ஒருத்தன் இல்லாம லாபம் எப்படி தம்பி வரும்?" என்றார்.

பாயின் மருமகன் எனக்கு ஒரு வருடம் டிக்கெட் வாங்கித் தந்தார், உட்கார இடமில்லாத வகை. பாடாங் பக்கம் கம்பிவலையில் மூக்கை வைத்து நின்றேன். ஏதோ ஒரு நிறம் வந்தது, நான் திரும்புவதற்குள் போய்விட்டது. சத்தம் மட்டும் விலாவில் தங்கியது; எட்டு உருளை எஞ்சின்களின் அந்த அலறலுக்குப் பயந்து காதடைப்பான் விற்றவர்களுக்கு நல்ல காலம். 2014இல் எஞ்சின்களை ஆறு உருளையாக்கி, மின்சாரமும் சேர்த்து, சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். காதுக்கு நல்லது, காதடைப்பான் வியாபாரம் படுத்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். விளக்கெண்ணெய் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்மணியின் வாசனைத்திரவியம்தான் வந்தது.

வேலிக்கு வெளியே, நடந்து போகிற தூரத்தில் இருந்தவர்கள் பாடு தேவலை. சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே முர்தபாக் கல்லில் நள்ளிரவுவரை முட்டை உடைந்துகொண்டே இருக்கும். அப்புறம் கூட்டம் தேக்காவுக்கு வரும். இங்கிலாந்துக்காரர்கள் ஃபெராரிச் சட்டையோடு வாழையிலை முன் உட்கார்ந்து ரசத்தைக் குடிப்பதா பிசைவதா என்று விழிக்கும்போது, தீபாவளி விளக்குகள் சிராங்கூன் சாலையில் எரிந்துகொண்டிருந்தால், அவையும் பந்தயத்துக்காகப் போட்டவை என்றே நினைத்துப் படமெடுத்துக்கொள்வார்கள். திருத்த மனம் வராது. 2012இல் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஓட்டினார். தேக்காவில் ஒரு பிராட்டா கடையில் அவருக்காகவே தொலைக்காட்சியைப் பெரிதாக வைத்திருந்தார்கள். கடைசி வரிசைக் கார், ஜெயிக்க வழியில்லை என்று எல்லாருக்கும் தெரியும். பாதிப் பந்தயத்தில் அவர் சுவரில் மோதி நின்றபோது பாதுகாப்புக் கார் வந்து முன்னால் போன அத்தனை பேரையும் மெதுவாக்கியது. "பார்த்தியா, நம்மாளுக்காக எல்லாரும் காத்திருக்கான்" என்று பிராட்டா வீசுகிறவர் சொன்னார். கடையே கைதட்டியது.

உடும்புகளையும் சொல்லாமல் விடக்கூடாது. இவ்வளவு வேலி, இவ்வளவு காவல், இவ்வளவு பரிசோதனை. 2016இல் பயிற்சி நேரத்தில் ஒரு பெரிய உடும்பு பாதையின் குறுக்கே சாவகாசமாக நடந்து போனது, பிறகு வந்த வருடங்களிலும் அதன் உறவுக்காரர்கள் போயிருக்கிறார்கள். டிக்கெட் இல்லாமல் பந்தயத்துக்குள் நுழையும் கம்பத்து மரபை அவர்கள்தான் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

2020லும் 2021லும் கிருமிக்காலம். பந்தயம் இல்லை, வேலி இல்லை, சாலைகள் திறந்தே கிடந்தன. பாய்க்கு நியாயப்படி கொண்டாட்டமாக இருந்திருக்கவேண்டும். திறந்த சாலையில் வர ஆளில்லை, உலகத்தில் யாரும் எந்தப் பணத்தையும் எதற்கும் மாற்றவில்லை. "அந்தச் சத்தமாவது இருந்திருக்கலாம்" என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னார், சொன்னதற்காக உடனே கோபித்தும் கொண்டார். 2022இல் திரும்பி வந்தபோது மூன்று நாளில் 302,000 பேர் பார்த்தார்கள் என்றது கணக்கு. அவர்களில் பாதிப்பேர் பணம் என்ற பொருளையே தொடாமல் கைப்பேசியைத் தட்டிவிட்டுப் போனார்கள் என்பது பாயின் கணக்கு.

2025இல் வெப்பத்துக்காகவே எச்சரிக்கை அறிவித்து, ஓட்டுநர்களுக்குக் குளிர்ந்த நீர்மம் ஓடும் உள்சட்டை கொடுத்தார்கள். மாமா இருந்திருந்தால் சாக்கில் சுற்றிய ஐஸோடு போய் நின்றிருப்பார். 20 காசு கேட்டிருப்பார்.

அவருடைய கடை இருந்த பக்கம் அண்மையில் போயிருந்தேன். 2021லிருந்து அப்பர் தாம்சனில் பெருவிரைவு ரயில் நிற்கிறது, வரிசையாகக் காப்பிக் கடைகள், ஒரு குவளை காப்பியின் விலையில் மாமா ஒரு வருடத்துக்குக் கடை நடத்தியிருப்பார் என்று சொன்னால் மிகைதான், ஒரு மாதத்துக்கு நடத்தியிருப்பார். சீனக் கிழவரின் கம்பம் இருந்த இடத்தில் 2019இல் தாம்சன் இயற்கைப் பூங்கா திறந்தார்கள். காட்டுக்குள் வீடுகளின் படிக்கட்டுகள் மட்டும் எங்கேயும் போகாமல் நிற்கின்றன. பழைய அப்பர் தாம்சன் சாலையில், லாரன்ஸின் ஃபெராரி சீறிய அதே பாதையில், ராஃபிள்ஸ் பெயர்கொண்ட அருகிவரும் குரங்கினம் அடிபடாமல் இருக்க இரண்டு தடத்தை ஒன்றாகக் குறைத்து, மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். எனக்குப் பின்னால் வந்த கார்க்காரர் பொறுமையிழந்து ஒலியெழுப்பினார். பிசாசு வளைவை நான் சட்ட வேகத்துக்கும் குறைவாகத்தான் எடுத்தேன், வாயை மூடிக்கொண்டு.

ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது. பாய் இப்போதெல்லாம் சண்டை போடுவதில்லை. பந்தய வாரம் வந்தால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டம்மாவோடு ஜொகூருக்குப் போய்விடுகிறார். போன தடவையும் போனார். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் இவரைப்போலவே புறப்பட்டு வந்த அரைத் தீவு வரிசையில் நிற்க, இங்கே பந்தயம் தொடங்கி 62 சுற்றும் முடிந்து பரிசும் கொடுத்து முடித்த பிறகுதான் அந்தக் கரை ஏறினாராம். ஏறிய பிறகுதான், பூட்டுகிற அவசரத்தில் ரிங்கிட் எடுத்துவர மறந்தது தெரிந்திருக்கிறது. நாற்பது வருடம் பணம் மாற்றித் தந்தவர், வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்தவர் கல்லாவுக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கிறார்.

"நல்ல கூட்டம் தம்பி," என்றார் தொலைபேசியில். "எல்லாம் நம்ம ஊர் ஆளுங்கதான். ரேட்டும் மோசமில்ல."